பற்றரி செய்த குற்றம் என்ன?

பழைய மோட்டார் வண்டி உள்ள வீடுகளிற் காலை வேளைகளில் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. "பற்றரி இறங்கிவிட்டது" என்பதே அது. திறப்பைத் திருப்புகிறோம், எஞ்சின் ஒரு முறை முனகுகிறது, பின்னர் அந்த முனகலும் இல்லை. அயலவர் இருவர் வந்து தள்ளுகின்றனர். வண்டி எப்படியோ புறப்பட்டு விடுகிறது. அன்று மாலையே புதிய பற்றரி ஒன்று வாங்கிப் பூட்டப்படுகிறது. காரியம் முடிந்தது என்று வீட்டார் அனைவரும் ஆறுதல் அடைகின்றனர். சில மாதங்கள் சென்றதும் அதே முனகல் மீண்டும் கேட்கிறது.

இவ்வாறு ஓராண்டுக்குள் இரண்டு பற்றரிகளை வாங்கிப் பணத்தைத் தொலைத்தவன் நான். மின்னோட்டத்தைப் பற்றி மாணவர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் என்ற பெயர் வேறு எனக்கு உண்டு! பிழை பற்றரியில் இல்லை என்பதை நான் உணர்வதற்கு ஓராண்டு காலமும், ஓர் இரவு நேர ஆபத்தும் வேண்டியிருந்தன. அந்த அனுபவம் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் என்ற எண்ணத்தால் இதனை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர்

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் திட்டமிட்டு அமைக்க, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி மொறிஸ் மைனர். 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் அப்பெயரிற் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஆகியவற்றோடு இந்த மைனரும் ஓடித் திரிவதை வாசகர்கள் கண்டிருப்பர்.

எங்கள் வண்டி 1950களின் இறுதியிற் பிறந்தது. என் தந்தையார் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். 1990களின் முற்பகுதியில், பெற்றோல் கிடையாத நாட்களில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே அது எங்கள் வீட்டில் ஒரு பொருளாக அன்றி, ஓர் ஆளாகவே மதிக்கப்பட்டு வந்தது.

முதலாவது பற்றரி இறங்கியபோது, அது பழையது தானே என்று புதியது வாங்கினேன். சில வாரங்களின் பின், கோவில் ஒன்றிலிருந்து இரவில் வீடு திரும்பும் வழியில், முன் ஆசனத்தில் இருந்த தந்தையார், "தம்பி, அந்தச் சிவப்பு லைற் மினுங்குது, கவனிச்சனீயே?" என்று கேட்டார். வண்டியின் முகப்பில் உள்ள சிறிய எச்சரிக்கை விளக்கையே அவர் குறிப்பிட்டார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. கண்புரைச் சத்திர சிகிச்சையும் நடந்திருந்தது. "அது வேறை ஏதும் வெளிச்சம் பட்டுத் தெரியுதாக்கும், அப்பா" என்று சொல்லி அக்கதையை முடித்துவிட்டேன்.

புதிய பற்றரியும் நான்கு மாதங்களில் இறங்கியது. வாங்கிய கடையில் முறையிட்டேன். பழைய வண்டிகளுக்கு அப்படித்தான் என்று கூறி இன்னொன்றை விற்றனர்.

செம்மணி வெளியில்

கார்த்திகை மாதத்து மழை இரவு. சாவகச்சேரியில் உறவினர் வீட்டுக் கருமம் ஒன்றை முடித்துக்கொண்டு திரும்பிக் கொண்டிருந்தோம். பின் ஆசனத்தில் என் தாயாரும் மனைவியும் மகளும் இருந்தனர். நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் முன்விளக்குகளின் ஒளி மஞ்சளாக மாறுவதைக் கண்டேன். மழைநீரைத் துடைக்கும் கை தயங்கித் தயங்கி அசைந்தது. செம்மணி வெளியை அடைந்ததும் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. இருபுறமும் வெளி, மேலே மழை, வண்டியின் பின்விளக்கிலோ நெருப்புத் தணல் அளவு ஒளி கூட இல்லை.

பின்னால் வந்த லொறி ஒன்று எங்களைக் கண்டது மிகக் கிட்ட வந்த பின்னரே. தடுப்பை அழுத்தி, சில்லுகள் சறுக்க, எங்கள் வண்டிக்கு ஐந்தாறு அடி தூரத்தில் அது நின்றது. அந்தச் சாரதி இறங்கி வந்து, கோபிக்காமல், வண்டியைத் தெருவோரம் தள்ள உதவினார். என் மகள் அன்றிரவு வீடு வந்து சேரும்வரை பாட்டியின் கையை விடவே இல்லை.

மறுநாள், வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன். தந்தையார் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "விக்கிறதெண்டால் வில். ஆனால் என்ன வருத்தமெண்டு அறியாமல் விக்காதை" என்று மட்டும் கூறினார். அவர் சொற்படியே, முன்னொரு காலத்தில் எங்கள் வண்டியைத் திருத்தி, இப்பொழுது ஓய்வாக இருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு சிறிய மல்ரிமீற்றரையும், ஒரு முழ வயரையும் மட்டும் கொண்டு வந்தார்.

தண்ணீர்த் தொட்டியும் சைக்கிள் டைனமோவும்

அவர் செய்த சோதனைகளைச் சொல்லுமுன், இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர்க்காகச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன்.

பற்றரி மின்சாரத்தை உண்டாக்கும் கிணறு அன்று. அது வெறும் தொட்டி. வண்டியை ஸ்ராட் செய்வதற்கு அதிலிருந்து ஒரே மூச்சில் நிறைய எடுக்கிறோம். எடுத்ததைத் திருப்பி நிரப்புவது டைனமோ. அதனைச் சுழற்றுவது எஞ்சினின் முன்னால் உள்ள பெல்ற்.

என் வயதை ஒத்த யாழ்ப்பாணத்தவர்க்கு டைனமோவை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் அற்றிருந்த 1990களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, அதன் டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். சுற்றுவதை நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும். ஏனெனில் அங்கே தொட்டி இல்லை. உற்சாகம் மிகுந்து வேகமாகச் சுற்றினாலோ, வானொலி பழுதாகிவிடும் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். காந்தப்புலத்தினிடையே கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் தூண்டப்படும் என்று மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. வேகம் கூடினால் வோல்ற் அளவும் கூடும்.

காரிலும் அப்படியே. ஆகையால் அங்கும் அதட்டுவதற்கு ஒரு பெரியவர் தேவை. எஞ்சின் அறையில் உள்ள சிறிய கறுப்புப் பெட்டியில் அவர் இருக்கிறார். அவருக்கு ரெகுலேற்றர் என்று பெயர். வோல்ற் அளவு மிஞ்சும்போது டைனமோவின் காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்து அதனை அடக்குவது அவர் வேலை. அதே பெட்டியில் கட்டவுட் என்னும் ஒருவழிக் கதவும் உண்டு. டைனமோவின் வலு பற்றரியின் வலுவை மிஞ்சியதும், ஏறக்குறைய 13 வோல்ற் அளவில், அக்கதவு மூடி மின்னோட்டத்துக்கு வழி விடும். எஞ்சின் மெதுவாகும்போது அது பிரிந்து, பற்றரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாது காக்கும்.

ஆகவே பற்றரி வெறுமையாவதற்குக் காரணம் தொட்டியின் ஓட்டையாகவும் இருக்கலாம். கிணறு வற்றியதாகவும் இருக்கலாம். இடையில் வாய்க்கால் அடைபட்டதாகவும் இருக்கலாம். நானோ இரண்டு முறையும் தொட்டியையே மாற்றினேன்.

பெரியவர் செய்த சோதனைகள்

முதலாவதாகப் பற்றரியையே அவர் சோதித்தார். முனைகளிற் படிந்திருந்த வெண்பச்சைப் பூஞ்சணத்தை வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, கவ்விகளின் உட்புறத்தைச் சுரண்டி இறுக்கி, மேலே வசலின் பூசினார். உப்புக் காற்று வீசும் ஊர்களில் இது மாதந்தோறும் செய்யத்தக்க கடமை என்றார். பின்னர் பற்றரியைக் கழற்றி வெளியில் மின்னேற்றம் செய்வித்து, ஓரிரவு சும்மா வைத்தார். காலையில் 12.6 வோல்ற் காட்டியது. நிறைந்த பற்றரி ஓய்வில் இருக்கும்போது அவ்வளவு காட்ட வேண்டும்; 12 வோல்ற்றுக்கு இறங்கினால் அது ஏறக்குறைய வெறுமை. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் நீரடர்மானியும் ஆறு அறைகளிலும் ஒரே அளவையே காட்டியது. ஓர் அறை மட்டும் மற்றவற்றிலும் மிகத் தாழ்ந்திருந்தால், அப்போது பற்றரியைக் குறை சொல்லலாம். "மாஸ்ரர், இது நல்ல சாமான். இதிலை குற்றமில்லை" என்றார் பெரியவர்.

இரண்டாவது பெல்ற். அதன் நீண்ட பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினார். அரை அங்குலம் அளவு தாழ்ந்தது. அதுவே சரியான அளவு. தளர்ந்திருந்தால் வழுக்கும், மிக இறுகினால் டைனமோவின் தாங்கிகள் தேயும். வெடிப்பும் மினுமினுப்பும் உள்ள பெல்ற்றை மாற்றிவிட வேண்டும். இந்த வண்டியில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ற்தான் சுழற்றுகிறது. ஆதலால், ஓடும்போது சிவப்பு விளக்குத் திடீரெனப் பிரகாசமாக எரிந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். பெல்ற் அறுந்திருப்பின் எஞ்சினும் கொதித்துவிடும்.

மூன்றாவது டைனமோ. அதில் டி, எப் என இரு முனைகள் உள்ளன. இரண்டிலும் உள்ள வயர்களைக் கழற்றி, அம்முனைகளைத் தாம் கொண்டுவந்த வயரால் ஒன்றாக இணைத்து, அந்த இணைப்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மீற்றரை வைத்தார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னார். ஊசலாட்டம் இன்றி வோல்ற் ஏறிக்கொண்டே போனது. 20 வோல்ற்றுக்கு மேல் ஏறவிடக் கூடாது. நெடுநேரம் ஓட்டவும் கூடாது. மீற்றர் ஒன்றும் காட்டாவிட்டால் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். ஏறக்குறைய 1 வோல்ற் மட்டும் காட்டினால் காந்தச் சுருளிற் பழுது. நான்கைந்து வோல்ற்றில் நின்றுவிட்டால் சுழலும் ஆமேச்சரிற் பழுது. எங்கள் டைனமோவுக்கு ஒரு குறையும் இல்லை.

நான்காவது வயர்கள். இந்த இரண்டு வயர்களையும் பழையபடி பூட்டி, ஒவ்வொரு முனையையும் அசைத்துப் பார்த்தார். கறுப்புப் பெட்டி வரை மின்சாரம் குறையாது வந்து சேர்வதை மீற்றராற் கண்டார். பெட்டியை வண்டியின் உடலோடு இணைக்கும் வயரும் சுத்தமாக இருந்தது.

ஐந்தாவதாகவே உண்மை வெளிப்பட்டது. முன்விளக்குகளை எரியவிட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடச் செய்தார். பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் டி முனையில் 14 வோல்ற் இருந்தது. பெட்டியிலிருந்து பற்றரிக்குச் செல்லும் ஏ முனையில் 12 மட்டுமே! பத்தில் சில வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு இருக்கத் தகாத இடத்தில் 2 வோல்ற் தொலைந்து போயிருந்தது. நடுவில் இருப்பது கட்டவுட் கதவு. எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கதவின் தொடுமுனைகள் கருகிப் புள்ளி விழுந்து, மூடியும் மூடாத கதவாக இருந்தன.

விளக்கு சொன்ன செய்தி

அப்போது பெரியவர் கேட்டார்: "மாஸ்ரர், இரவிலை ஓடேக்கை சிவப்பு லைற் மங்கலாய் மினுங்கேல்லையே?"

நான் தந்தையாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிவப்பு விளக்கின் ஒரு முனை டைனமோவின் பக்கமும், மறுமுனை திறப்பின் வழியாகப் பற்றரியின் பக்கமும் இணைந்துள்ளன. இருபக்கமும் வோல்ற் சமமானால் அதில் மின்சாரம் ஓடாது, அது அணைந்துவிடும். எஞ்சின் ஓடாதபோது வேறுபாடு முழுமையானது. ஆகவே நன்றாக எரியும். கதவின் இருபக்கமும் 2 வோல்ற் வேறுபாடு இருந்தால், அது மின்மினி போல மினுங்கும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவிலும், அருகில் இருந்து அதனையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் தெரியும். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்; ஓட்டும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிட்ட தந்தையார் விளக்கைப் பார்த்தார்.

பகலில் ஓடிய வண்டி அந்த இரவில் நின்றதன் காரணமும் இதனால் விளங்கும். பகலில் எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறிக்கு 3 அல்லது 4 அம்பியர் போதும். மழை இரவின் கணக்கு வேறு. 45 வாற் விளக்குகள் இரண்டுக்கு 7.5 அம்பியர், சிறு விளக்குகளுக்கு 2, மழை துடைப்பானுக்கு ஏறக்குறைய 3, தீப்பொறிக்கு 3 அல்லது 4. ஆக ஏறத்தாழ 16 அம்பியர். அக்காலத்து மைனர்களிற் பூட்டப்பட்ட லூக்கஸ் டைனமோக்கள், வகைக்கு ஏற்ப, 19 அல்லது 22 அம்பியரே உச்சமாகத் தரக்கூடியவை. சுகதேகியான வண்டியிலேயே மிச்சம் சொற்பம். வாய்க்கால் அடைபட்ட வண்டியில், குறையைப் பற்றரியே ஈடு செய்ய வேண்டியிருந்தது. டி முனையில் அளவு சரியாக இருந்தமையால் ரெகுலேற்றரும் திருப்தியோடு டைனமோவை அடக்கிக்கொண்டே இருந்தது. அரை வயிற்றோடு புறப்பட்ட பற்றரி செம்மணி வரை சுமந்தது. அதற்கு மேல் அதனால் இயலவில்லை. குற்றவாளி என்று நாம் தண்டித்தது, உண்மையில் பட்டினி கிடந்த வேலைக்காரனை.

மருந்து என்ன? கண்ணாடித் தூள் ஒட்டிய மெல்லிய உரைதாளின் சிறு கீற்று ஒன்றைத் தொடுமுனைகளுக்கு இடையில் வைத்து, அவற்றை மெல்ல மூடிப் பிடித்து, கீற்றை இழுத்தெடுத்தார். இவ்வாறு சில முறை செய்து, ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் துடைத்தார். கட்டவுட் முனைகளுக்கு முரட்டு எமரித் தாள் ஆகாது என்றார். அங்குள்ள திருகாணிகளை அவர் தொடவும் இல்லை. மீண்டும் சோதித்தபோது இரு முனைகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. செலவு, ஒரு துண்டுத் தாள்.

சில எச்சரிக்கைகள்

இச்சோதனைகளைச் செய்ய விரும்புவோர் சிலவற்றை மறத்தலாகாது. எங்கள் மைனரைப் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றிற் பற்றரியின் நேர் முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய வண்டிகளில் இது மறுதலை. பழக்கதோஷத்தால் மாற்றிப் பூட்டினால் கட்டவுட்டும் டைனமோவும் கருகிவிடும். மின்னேற்றம் பெறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால் அதனருகே தீயும் தீப்பொறியும் கூடா. சுழலும் பெல்ற்றுக்கு அருகே சேலைத் தலைப்பையும் சால்வையையும் கொண்டு செல்லுதல் கூடாது. டைனமோவுக்குப் பதிலாக ஒல்ரனேற்றர் பூட்டிய வண்டியில், முனைகளை இணைத்துச் செய்யும் மூன்றாவது சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே எஞ்சின் ஓடும்போது பற்றரியின் முனைகளில் ஏறக்குறைய 14 வோல்ற் இருக்கிறதா என்று பார்ப்பதே போதும்.

எவ்வகை வண்டியாயினும் ஒழுங்கு ஒன்றே: தொட்டி, பெல்ற், கிணறு, வாய்க்கால், கதவு. ஒன்றைச் சோதித்து நீக்கிய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். சோதிக்கும் முன் ஒன்றையும் விலைக்கு வாங்கலாகாது.

அன்றிரவு தந்தையாரை முன் ஆசனத்தில் இருத்தி, விளக்குகளைப் போட்டு, கோவில் வீதியை ஒருமுறை சுற்றி வந்தேன். "அப்பா, லைற்றைப் பாருங்கோ" என்றேன். அவர் முன்னால் சாய்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"இப்ப மினுங்கேல்லைத் தம்பி" என்றார்.

வண்டியை நாங்கள் விற்கவில்லை.